ஹாக்வோன் ஆசிரியர் அறிவிப்பு: மூலமும் உரையும்

மூலம்

கொரியக் குடியரசின் ஹாக்வோன் ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் தேவை. தாய்மொழியாளராகிய எழுநாட்டாரே விண்ணப்பிக்க. இளங்கலைப் பட்டமும் குற்றமின்மைச் சான்றும் அப்போஸ்டில் முத்திரையுடன் வேண்டும். ஒப்பந்தம் பன்னிரு திங்கள். வாரம் முப்பது வகுப்பு மணி. பிற்பகல் தொடங்கி இரவு வரை. ஊதியம் திங்கள்தோறும் 23 இலட்சம் வோன். ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் பாதி. ஒற்றையறை வீடு தரப்படும். ஆண்டு நிறைந்தார்க்கு ஒரு திங்கள் ஊதியம் மிகுதி. முன் அனுபவம் வேண்டா. புகைப்படம் இணைக்க.

உரை

இந்நூற்கு ஆக்கியோன் பெயர் இல்லை. தென்கொரியாவில் அயல்நாட்டு ஆங்கில ஆசிரியரைத் தேடும் தனிப்பயிற்சிக் கூடங்கள் பல்லாண்டாக ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் விடுத்து வரும் அறிவிப்பின் பிழிவு இது. நுதலிய பொருள், கடல் கடந்து ஆங்கிலம் கற்பிக்கும் தொழில். கேட்போர், பட்டம் பெற்று அத்தொழிலை நாடி நிற்கும் இளையோர். அளவாற் சிறிதாயினும் இதன் ஒவ்வொரு சொற்குப் பின்னும் ஒரு சட்டமோ நெடுநாள் வழக்கோ நிற்றலின், சொல்லை ஓதிச் சட்டத்தை ஓதாது விட்டார் பொருளை இழப்பர். அது பற்றியே உரை வேண்டிற்று.

“கொரியக் குடியரசின் ஹாக்வோன் ஒன்றில்” — கொரியக் குடியரசு என்றது தென்கொரியாவை. ஹாக்வோன் என்பது பள்ளி முடிந்த பின் பிள்ளைகள் செல்லும் தனியார் பயிற்சிக் கூடம். நம்மவர் டியூஷன் சென்டர் என வழங்குவதற்கு இனமானது. பள்ளி என்னாது ஹாக்வோன் என்றதனான் அரசுப் பள்ளி விலக்கப்பட்டது. அரசுப் பள்ளிகட்கு அயலாசிரியரைச் சேர்ப்பது 1995இல் தொடங்கிய ஈபிக் என்னும் திட்டம். ஆண்டுக் கொரிய ஆசிரியர் ஒருவர் உடன் நிற்பர்; ஈண்டு வகுப்பறையில் அயலாசிரியர் பெரும்பாலும் தனியே நிற்பர்.

இந்நாட்டில் ஆங்கிலத்திற்கு இத்துணை வேட்கை எற்றுக்கெனின், 1997 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் பாடமாயிற்று. பல்கலைக்கழகம் புகுவார் எழுதும் சுனுங் தேர்விலும் அது ஒரு பகுதி. நவம்பரில் அத்தேர்வு நிகழும் நாளில், ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் ஏறத்தாழ அரைமணிப் பொழுது நாடெங்கும் வானூர்திகள் ஏறா, இறங்கா. ஒரு பாடத்தின்பொருட்டு வானமே வாய் மூடும் நாட்டில் பெற்றோர் மாலையும் பிள்ளையைப் பயிற்சிக்கு விடுப்பர் என்பது தானே பெறப்படும்.

“ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் தேவை” — தேவை என்பது ஆசிரியர் என்னும் எழுவாய்க்குப் பயனிலை. யார்க்குத் தேவை என்பது கூறப்பட்டிலது. கூடத்தார்க்கு என்பது வருவித்துரைக்கப்படும். எவ்வகை ஆசிரியர் என்பது இனி வரும் தொடர்களான் விளங்கும்.

“தாய்மொழியாளராகிய எழுநாட்டாரே விண்ணப்பிக்க” — இத்தொடரே இந்நூலின் தலைவாயில். எழுநாட்டார் என்பார் அமெரிக்கர், பிரித்தானியர், கனடியர், ஆஸ்திரேலியர், நியூசிலாந்தினர், அயர்லாந்தினர், தென்னாப்பிரிக்கர். ஏகாரம் பிரிநிலை; ஏனையோரைப் பிரித்து நீக்கியது. விண்ணப்பிக்க என்பது வியங்கோள்.

ஆங்கிலம் இவ்வெழுவர் நாட்டில் மட்டுமோ வழங்குவது, சிங்கப்பூரிலும் பிலிப்பைன்சிலும் இந்தியாவிலும் நைஜீரியாவிலும் ஆங்கில வழியே பயின்றார் பல்லோர் உளரன்றோ என ஒரு கடா எழும். விடை: இவ்வெல்லை கூடத்தார் வகுத்ததன்று, ஈ-2 என்னும் அயல்மொழிப் பயிற்றுநர் விசா வகுத்தது. ஆதலின் கூடத்தாரை வெகுள்வதில் பயனில்லை.

இனி, ஆகிய என்னும் சொல்லை நோக்குக. தாய்மொழியாளர், எழுநாட்டார் என்னும் இரண்டும் ஒருவரையே சுட்டுவன என அச்சொல் ஒப்பிட்டு நிறுத்தியது. ஆயின் இரண்டும் ஒக்குமோ எனின் ஒவ்வா. தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்டார் பத்தில் ஒருவர்க்கும் குறைவே. சூலுவும் ஹோசாவும் ஆப்பிரிக்கான்சும் பேசுவாரே மிகப் பலர். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சே பெருவழக்கு. அது கருதியே அவ்விரு திறத்தாரிடம் ஈபிக் திட்டத்தார் ஆங்கில வழியிற் பயின்றமைக்குத் தனிச் சான்று கேட்பர். ஆகவே நூல் வேண்டுவது நாவன்று, கடவுச்சீட்டே என்பது போந்த பொருள். சொல்லளவில் தாய்மொழி முன்னும் நாடு பின்னும் நிற்பினும் பொருளளவில் நாடே முன்னிற்கும்.

தாய்மொழியாளரே தக்க ஆசிரியர் என்னும் கொள்கை எங்ஙனம் வேரூன்றிற்று எனின், 1961இல் உகாண்டாவின் மக்கரெரேயில் கூடிய மாநாட்டின் கருத்துகளுள் அது ஒன்று என்றும் அது போலி என்றும் ராபர்ட் பிலிப்சன் 1992இல் எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துப் பின் அமெரிக்கப் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா 1999இல் யாழ்ப்பாண வகுப்பறையையே சான்றாக வைத்து அவ்வாதத்தை மேற்கொண்டு சென்றார். இலங்கையரான ஜார்ஜ் பிரெய்ன் என்பாரும் பிறரும் தாய்மொழியாளர் அல்லாத ஆசிரியர்க்கென உலக ஆங்கில ஆசிரியர் சங்கத்துள் 1998இல் தனிக் குழு அமைத்தனர். இவர் கூற்றுக்கள் வலியுடையனவே. எனினும் அவை மொழியறிஞர் அவையில் வென்றனவன்றி விசா அலுவலகத்தில் வென்றில. மாணாக்கன் இரண்டையும் மயங்கற்க.

இந்தியர்க்கு வழியே இன்றோ எனின், ஒரு சிறுவழி உண்டு. இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட சேபா என்னும் பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பட்டமும் ஆங்கிலம் கற்பித்தற்குரிய ஆசிரியர் தகுதிச் சான்றும் உடைய இந்தியர் ஈ-2 விசா பெறலாம். ஆயின் பள்ளிகளில் உதவி ஆசிரியராக மட்டுமே; ஹாக்வோனில் அன்று. எழுநாட்டார்க்கு எப்பட்டமும் அமையும். இந்தியர்க்குக் கற்பித்தற் சான்றும் வேண்டும். இவ்வேறுபாட்டை எடுத்துக் காட்டுதலோடு உரை அமையும்.

“இளங்கலைப் பட்டமும்” — எத்துறை என விதந்து கூறாமையின் எத்துறையும் கொள்ளப்படும். ஆங்கில இலக்கியம் கற்றாரும் கடலுயிரியல் கற்றாரும் ஒரு தட்டினரே.

“குற்றமின்மைச் சான்றும்” — ஊர்க் காவல்நிலையம் தருவது ஆகாது, நாட்டளவிலானது வேண்டும். அமெரிக்கராயின் எப்.பி.ஐ. தருவது. உம்மை எண்ணும்மை, நூல் கூறாத மருத்துவச் சோதனையையும் தழுவிக்கொண்டமையின் எச்சவும்மையும் ஆம்.

இவ்விதிகள் 2007ஆம் ஆண்டின் இறுதியில் கடுமையாயின. கொரியாவில் முன்பு ஆங்கிலம் கற்பித்த கனடியர் ஒருவர் சிறார் மேற்செய்த குற்றத்திற்காகத் தாய்லாந்தில் பிடிபட்ட செய்தி நாட்டைக் கலக்கியதன் பின்னர் அவை வந்தன. அப்போது போதைப்பொருட் சோதனையோடு எச்.ஐ.வி. சோதனையும் சேர்க்கப்பட்டது. கொரியரான ஆசிரியர்க்கு இல்லாத சோதனை அயலார்க்கு மட்டும் ஏன் என நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் ஐக்கிய நாடுகளின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழுவிடம் முறையிட்டார். 2015இல் குழு அவர் பக்கம் நின்றது; 2017இல் கொரிய அரசு எச்.ஐ.வி. சோதனையை நீக்கியது. போதைப்பொருட் சோதனை நீங்கிற்றில்லை. ஒரு தனியாசிரியை தொடுத்த வழக்கால் விதியின் ஒரு சொல் உதிர்ந்தது என்பது இத்தொழிலின் வரலாற்றில் நினைக்கத்தக்கது.

“அப்போஸ்டில் முத்திரையுடன்” — அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டு ஆவணத்தைப் பிற நாடு மேற்சோதனையின்றி ஏற்றற்கு இடும் முத்திரை. 1961 ஹேக் உடன்படிக்கையான் வந்தது. கொரியா அதனுள் 2007இல் புகுந்தது. கனடா 2024இல் தான் புகுந்தது. அதுகாறும் கனடியர் கொரியத் தூதரகத்தை நாடி நடந்தனர். உடன் என்னும் உருபு பட்டம், சான்று என்னும் இரண்டனோடும் சென்று இயையும். பட்டத்திற்கு மட்டும் முத்திரை பெற்றுச் சான்றிற்கு மறந்தார்க்குத் திங்கள் இரண்டு வீணாதலும் உண்டு.

“ஒப்பந்தம் பன்னிரு திங்கள்” — ஓராண்டு என்னாது பன்னிரு திங்கள் என்றது என்னை? இரண்டும் ஒரே அளவினவாயினும் திங்களாற் கூறியவழி ஒவ்வொரு திங்களையும் எண்ணிக் கொள்க என்பது குறிப்பு. பதினோராம் திங்களுக்கும் பன்னிரண்டாம் திங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பின்வரும் தொடரான் உணர்க.

ஈ-2 விசா ஆளுக்கு வழங்கப்படினும் ஒரு கூடத்தோடு பிணைக்கப்பட்டது. இடையில் வேறு கூடம் செல்ல விழைவார் முன்னைக் கூடத்தாரின் இசைவுக் கடிதம் பெற வேண்டுதல் வழக்கு. அதனை அயலாசிரியர் ‘லெட்டர் ஆஃப் ரிலீஸ்’ என்ப. பெயரே பொருளை உணர்த்தும்: விடுவிப்பார் கையிற்றான் கட்டும் உளது. கூடத்திற்கு வெளியே ஒரு பிள்ளைக்குத் தனிப்பாடம் சொல்லிக் கூலி பெறுதலும் இவ்விசாவிற்கு மாறு.

“வாரம் முப்பது வகுப்பு மணி” — இந்நூலுள் மயக்கத்திற்கு இடனாவது இச்சொற்றொடர். வகுப்பு மணி என்பதனை ஒரு வகுப்பு ஒரு மணி எனக் கொள்ளின் முப்பது வகுப்பாம். அறுபது நிமிடமாகிய கடிகார மணி எனக் கொள்ளின், நாற்பது நிமிட வகுப்பு நாற்பத்தைந்து கொண்டால் அன்றி முப்பது மணி நிரம்பாது. ஐம்பது நிமிடமாயின் முப்பத்தாறு. முப்பதிற்கும் நாற்பத்தைந்திற்கும் இடையே வாரம் பதினைந்து வகுப்பு! பாடம் ஆயத்தம் செய்தலும் ஏடு திருத்தலும் பெற்றோரொடு தொலைபேசியிற் பேசலும் இவ்வெண்ணிக்கையுள் அடங்கா என்பதும் கொள்க. இருபொருள்படச் சொல்லுதல் நூற்குற்றமன்றோ எனின், கேளாதார்க்குக் குற்றம். கையெழுத்திடுமுன் வகுப்பின் நிமிடம் எத்துணை எனக் கேட்டார்க்குக் குற்றமன்று.

“பிற்பகல் தொடங்கி இரவு வரை” — பிள்ளைகள் பள்ளி விட்ட பின்னரே வருதலின். இரவு என்பதன் எல்லை யாதெனின், சியோலில் பத்து மணி. அதன் மேல் ஹாக்வோன் நடத்தலாகாது என நகர விதி உண்டு. 2009இல் அரசமைப்பு நீதிமன்றமும் அவ்விதி செல்லும் என்றது. மழலையர் ஹாக்வோனாயின் காலையே தொடங்கும்.

“ஊதியம் திங்கள்தோறும் 23 இலட்சம் வோன்” — இலட்சம் என்னும் எண் காதிற்கு இனிது. எனினும் அளவுகோல் ஒன்று வேண்டும். 2025இல் கொரியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வோன். வாரம் நாற்பது மணி உழைப்பார்க்கு அது திங்களுக்கு 20,96,270 வோன் ஆகும். பட்டமும் கடல் கடந்த சான்றும் முத்திரையும் உடையார்க்கு நூல் தருவது, அந்நாட்டின் அவ்வாண்டுக் கடைநிலைக் கூலிக்கு இரண்டு இலட்சத்துச் சில்லறை வோனே மேல். இதனை இகழ்ச்சியாகக் கூறிற்றன்று. பின்வரும் வீட்டையும் ஆண்டிறுதித் தொகையையும் கூட்டியே ஊதியம் காணப்படும் என்பதற்குக் கூறியது.

“ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் பாதி” — பாதி கூடத்தார், பாதி ஆசிரியர் என விரிக்க. 2025 வரை தேசிய ஓய்வூதியப் பங்கு ஊதியத்தில் நூற்றுக்கு ஒன்பது. அதன் பாதி நான்கரை. 23 இலட்சத்திற்கு அது 1,03,500 வோன். இத்தொகை போனதோ எனின், அமெரிக்கரும் கனடியரும் ஆஸ்திரேலியரும் நாடு திரும்புங்கால் கூடத்தார் செலுத்திய பாதியோடும் ஒருங்கே மீளப் பெறுவர், பிரித்தானியர் பெறார். ஒரே அறையில் ஒரே ஊதியத்திற்கு உழைத்த இருவருள் ஒருவர் பணத்தோடும் மற்றவர் இன்றியும் செல்வது நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை வேறுபாட்டால்.

பாதி என்னும் சொல் இல்லாத அறிவிப்பும் உண்டு. அவற்றுள் நூற்றுக்கு 3.3 வரி என எழுதியிருப்பின் எச்சரிக்கை கொள்க. அவ்வரி தற்சார்பில் தொழில் செய்வார்க்குரியது. ஆசிரியரை ஊழியர் எனப் பதியாது அவ்வினத்தில் பதிந்தவழி ஓய்வூதியமும் காப்பீடும் கூடத்தாரைச் சாரா. நம் மூலம் பாதி எனத் தெளிவுறக் கூறினமையின் நன்னூல் எனப்படும்.

“ஒற்றையறை வீடு தரப்படும்” — கொரியர் ‘வன்ரூம்’ என்பர். படுக்கையும் அடுப்பும் துணி துவைக்கும் பொறியும் ஓரறையுள் அடங்கும். தரப்படும் என்னும் செயப்பாட்டுவினை தருவார் யார் என்பதை மறைத்து நின்றது. தருவார் கூடத்தார், வீட்டுக்காரர்க்குப் பெருமுன்பணம் கட்டுவாரும் அவரே. எரிவாயு, மின்சாரம் என்பன ஆசிரியர் பால. குளிர்காலத்தில் தரையடியே வெந்நீர் ஓட்டி அறை காய்ச்சுவர் ஆதலின் மார்கழி, தைத் திங்கள் எரிவாயுச் சீட்டு அஞ்சத்தக்கது. தரப்படும் என்பதற்குத் திரும்பப் பெறப்படும் என்பதும் உய்த்துணர வைக்கப்பட்டது. வேலை, விசா, வீடு மூன்றும் ஒருவர் கையிலிருந்து வருதலின் ஒன்று போயின் மூன்றும் போம்.

“ஆண்டு நிறைந்தார்க்கு ஒரு திங்கள் ஊதியம் மிகுதி” — மிகுதி எனக் கூறினமையின் இது கூடத்தாரின் ஈகை எனக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. ஓராண்டு நிறைவித்த ஊழியர்க்கு, கொரியர்க்கும் அயலார்க்கும், ஓராண்டிற்கு முப்பது நாள் சராசரி ஊதியம் என்னும் கணக்கிற் பணிவிடைத் தொகை தருக என்பது சட்டம். விலகிய பதினான்கு நாளுள் தருக என்பதும் அது. கொரியர் இதனைத் ‘துவேஜிக்கும்’ என்பர். திங்கள் ஊதியத்திலேயே இது அடங்கும் என ஒப்பந்தத்தில் எழுதினும் செல்லாது.

நிறைந்தார்க்கு என்பது இத்தொடரின் உயிர்ச்சொல். நிறையாதார்க்கு ஒன்றும் இல்லை. பதினொரு திங்களும் இருபத்தைந்து நாளும் உழைத்தாரும் நிறையாதாரே. அதனாலேயே பதினோராம் திங்களில் ஏதேனும் குறை கூறி ஆசிரியரை அனுப்பிவிடும் கூடத்தாரைப் பற்றிய பேச்சு இத்தொழிலாரிடையே நெடுங்காலமாக உளது. பன்னிரு திங்கள் எனத் திங்களாற் கூறியதன் பயன் ஈண்டு விளங்கிற்று. அத்தகையோர்க்குப் புகலிடம் வட்டாரத் தொழிலாளர் அலுவலகம். ஆண்டு முறையீடு செய்யக் கட்டணம் இல்லை. முப்பது நாள் முன்னறிவிப்பின்றி நீக்கினால் அதற்கீடான ஊதியம் கேட்கவும் சட்டம் இடந்தரும். இவ்விரண்டையும் அறிந்த ஆசிரியரைப் பதினோராம் திங்களில் நீக்கத் துணிவார் சிலரே.

விமானக் கட்டணம் முன்னாளில் இவ்விடத்திற் கூறப்படுவது வழக்கு. இன்று பல அறிவிப்புகளில் அது இல்லை, இதனுள்ளும் இல்லை. கூறாமையும் ஒரு கூற்று.

“முன் அனுபவம் வேண்டா” — வேண்டா என்பது எதிர்மறை முற்று. இருந்தால் ஆகாது என்பதன்று. இல்லாவிடினும் ஆம் என்றவாறு.

ஈண்டு ஒரு பெருங்கடா. கடவுச்சீட்டு, பட்டம், சான்று, முத்திரை, புகைப்படம் எல்லாம் கேட்ட நூல், கற்பிக்கும் திறனை ஓரிடத்தும் கேட்டிலது. அன்றியும் வேண்டா என்றது. இது குன்றக்கூறல் அன்றோ? செல்டா என்னும் கேம்பிரிட்ஜ் சான்றிதழ்க்கு ஏறத்தாழ 120 மணிப் பயிற்சியும் மெய்யான மாணாக்கர் முன் ஆறு மணிக் கற்பித்தலும் வேண்டும். ஈபிக் திட்டமும் கல்வியியற் பட்டம் போல்வன இல்லாரிடம் 100 மணிக்குக் குறையாத பயிற்சிச் சான்று கேட்கும். ஹாக்வோன் அறிவிப்பு இவை ஒன்றும் கேளாதது எற்றுக்கு?

விடை: குன்றக்கூறல் அன்று. ஈ-2 விசாவிற்குக் கொரிய மொழியில் வழங்கும் பெயரின் பொருள் உரையாடல் பயிற்றல் என்பது. இலக்கணமும் தேர்வுப் பயிற்சியும் கொரிய ஆசிரியர் பாற்படும். அயலாசிரியர் பாற்படுவது பேச்சு. பாடநூலும் நாள்தோறும் நடத்த வேண்டிய பக்கமும் கூடத்தாரே வகுத்துத் தருவர். ஆகவே நூல் தேடுவது கற்பிப்பாரை அன்று, பேசுவாரை. தொடக்கத்தில் கற்பிக்க ஆசிரியர் தேவை என்றதனோடு இது முரணாதோ எனின், ஆண்டுக் கற்பித்தல் என்றது பொதுப்பெயர்; சிறப்புப் பொருள் இத்தொடரான் வரையறுக்கப்பட்டது. இது நூலாசிரியர் கருத்து. உரைகாரர் கருத்தோ எனின், நாற்பது நிமிடம் ஏழு வயதுப் பிள்ளைகள் பன்னிருவர் முன் நின்றார் எவரும் பேச்சு மட்டும் போதும் எனக் கூறார் என்பது.

“புகைப்படம் இணைக்க” — இணைக்க என்பது வியங்கோளாயினும் ஈண்டு ஏவலின் வன்மை உடைத்து. படம் இல்லா விண்ணப்பம் படிக்கப்படுதல் அரிது. கடவுச்சீட்டின் நகலிலேயே முகம் உளதாக மற்றொரு படம் எற்றுக்கெனின், ஆளை அறிதற்கன்று, பெற்றோர்க்குக் காட்டுதற்கு. கூடத்தின் விளம்பரத் தாளிலும் வாயிற் பலகையிலும் அயலாசிரியர் முகம் இடம்பெறும். எழுநாட்டாருள் கருநிறத்தாரும் ஆசிய முகத்தாரும் உளர். அவர் படம் கண்டு விடை வாராமை பற்றிய குறை இத்தொழிலாரிடையே பழைமையானது. கொரியக் குடிவழியில் வந்த அமெரிக்கர், ஆங்கிலமே அறிந்தவராயினும், முகத்தால் அயலார் ஆகாமையின் இரண்டாம் வரிசையில் நிற்றலும் உண்டு. இதனால், தாய்மொழியாளர் என நூல் முதற்கண் கூறியது நாட்டான் வரையறுக்கப்பட்டது. நாடு இறுதிக்கண் முகத்தான் வரையறுக்கப்பட்டது. படத்தில் சிரித்த முகம் வேண்டும் என்பது மரபு.